தவிட்டுப் பானையில் முப்பத்தொரு கத்தி

முத்தியால்பேட்டையின் வடக்கு ஓரத்தில் ஊர் முடிகிற இடத்தில் பாண்டிச்சேரியும் முடிந்துவிடும். அந்தப் பக்கம் சென்னை ராஜ்யம், அங்கே மதுவிலக்கு. இந்தப் பக்கம் சாராயக்கடை பட்டப்பகலில் பலகை மாட்டி நடக்கும். 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்த பிறகும் இது மட்டும் மாறவில்லை. ஒரே கொடி, இரண்டு தொண்டை.

அந்தச் சாராயக்கடைக்குப் பக்கத்தில் மீன் வறுத்து விற்றவள் ரஞ்சிதம். நாற்பது வயது. அவள் குரலுக்கு அடுப்பே பயப்படும். கணவன் தேவதாஸுக்கு இடது கையில் மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டும் 1955-இல் அவள் கடை வாசலிலேயே போயின. சண்டை அவனுடையது அல்ல. சைக்கிள் டியூபில் சாராயம் நிரப்பி, உடம்பில் சுற்றிக்கொண்டு எல்லை தாண்டும் இரண்டு கூட்டங்கள் உண்டு. ஒன்றுக்குப் பக்கிரி தலைவன், மற்றதற்குச் சுப்ரமணி. எந்தத் தோப்பு வழி யாருக்கு என்பதில் தகராறு. தேவதாஸ் வறுவல் தட்டோடு நடுவில் போனான். தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் ரஞ்சிதம் புதுச் சட்டம் போட்டாள். இடுப்பில் கத்தி இருந்தால் மீன் கிடையாது. மீனவனோ, மரமேறியோ, டியூப்காரனோ, யாராக இருந்தாலும் கத்தியை அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். முதலில் கத்திகளைக் கருவாட்டு உப்பில் செருகி வைத்தாள். ஒரே வாரத்தில் எல்லாம் துருப்பிடித்துவிட்டன.

"ஏன்க்கா, குத்துப்பட்டவன் பொழைச்சாலும் துரு ஏறிச் சாவான்போல கீதே?" என்றான் பக்கிரி.

அன்றிலிருந்து தவிட்டுப் பானை.

கத்தியைத் திரும்ப வாங்குவதற்கும் ஒரு பரீட்சை இருந்தது. முள்ளுவாளைத் துண்டு ஒன்றை இலையில் வைப்பாள். அதில் சதையைவிட முள் அதிகம். ஒரு முள்கூட வாய்க்குள் போகாமல் தின்று முடித்தால் தெளிந்துவிட்டான் என்று அர்த்தம், கத்தி கிடைக்கும். இருமினால், "உக்காருடா, இன்னொரு துண்டு தின்னு" என்பாள். அந்தத் துண்டும் இனாம் இல்லை. பொதுநலத்தில் கொஞ்சம் வியாபாரமும் இருந்ததை அவள் மறைத்ததில்லை. பக்கிரி, சுப்ரமணி விஷயத்தில் மட்டும் கூடுதலாக ஒரு விதி: ஒருவன் கத்தியோடு கண்ணுக்கு மறைந்த பிறகுதான் மற்றவனுக்கு இலை.

மூன்று வருஷம் அந்த வாசலில் ரத்தம் சிந்தவில்லை. அது யார் கண்ணிலும் படவில்லை. நடக்காத கொலையை யார் எழுதுவார்கள்?

1958-இல் எல்லைப் பாதுகாப்பு பற்றி இரண்டு பக்கத்து அதிகாரிகளும் கூடிப் பேசினார்கள். சோதனையைக் கூட்டுவது என்று முடிவாயிற்று. முதல் சோதனையிலேயே பிரிகாதியே தெய்வசிகாமணி தவிட்டுப் பானைக்குள் கையை விட்டார். பிரெஞ்சுக்காரர் காலத்து ஏட்டு. பதவிப் பெயரை ஊர் இன்னும் மாற்றவில்லை. பானையிலிருந்து முப்பத்தொரு கத்திகள் வந்தன. சாராயக்கடைக்குள் குடித்துக்கொண்டிருந்த முப்பத்தொரு பேரும் பின்வேலி ஏறிக் குதித்தார்கள்.

"ஆயுதக் கிடங்கு. கோர்ட்டுக்குப் போனா ரெண்டு வருஷம் உள்ள" என்றார் தெய்வசிகாமணி.

"என்னுது ஒண்ணுகூட இல்ல ஐயா. நான் மீன் அரியறது அருவாமனையில."

"அப்ப சொந்தக்காரனுங்களை எல்லைச் சாவடிக்குக் கூட்டியா. சனிக்கிழமை சாயந்திரம் வரைக்கும் டைம். இல்லன்னா நீதான் சொந்தக்காரி."

வருகிறவன் சும்மா வர முடியாது என்பதுதான் சிக்கல். சாவடியில் தெய்வசிகாமணிக்குப் பக்கத்து நாற்காலியில் சென்னை ராஜ்யத்து மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் கோவிந்தசாமி இருப்பார். பெரும்பாலான கத்திக்காரர்கள் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள். முகத்தைக் காட்டினால் அப்புறம் தினமும் எல்லையில் அவர் முன்னால் வாயை ஊத வேண்டும். ரஞ்சிதம் இரண்டு நாள் குப்பம் குப்பமாக நடந்தாள். எல்லோரும் வருவதாகத் தலையாட்டினார்கள். "குடிச்சிட்டு வராதீங்கடா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை மூன்று மணி வரை ஒருவரும் வரவில்லை. ரஞ்சிதம் சாவடித் தரையில் உட்கார்ந்திருந்தாள். தேவதாஸ் அவளுக்கு மாற்றுப்புடவைகூடக் கொண்டுவந்துவிட்டான். "ஜெயிலுக்கு அனுப்ப என்னா அவசரம்யா உனக்கு?" என்று அவனைத் திட்டினாள்.

முதலில் வந்தவன் கன்னியப்பன் என்கிற மீனவன். அவன் நன்றிக்காக வரவில்லை. "வலை அறுக்கக் கத்தி இல்லாம மூணு நாளாப் பல்லால கடிச்சிக்கினு கெடக்கிறேன். குடுங்க" என்றான். அவனைப் பார்த்து ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் பக்கிரியும் சுப்ரமணியும் ஆளுக்கொரு வாசல் வழியாக நுழைந்தார்கள்.

கோவிந்தசாமி எழுந்தார். "எல்லாரும் வரிசையா நின்னு ஊதுங்க."

முப்பத்தொரு பேரும் ஊதினார்கள். வெற்றிலை, பீடி, பழைய சோறு. சாராயம் இல்லை.

"அந்தச் சாராயக்கடையை மூடிட்டா இந்தத் தலைவலியே இருக்காது" என்றார் இன்ஸ்பெக்டர், ஏமாற்றத்தோடு.

பக்கிரி சிரித்தான். "மூடுங்க சார். நீங்க பிடிக்கப் பிடிக்கத்தான் என் சரக்குக்குக் கிராக்கி. அந்தக் கிராக்கிக்குத்தான் நானும் இவனும் குத்திக்கிறோம். உங்க பக்கமும் ஒரு கடை தொறந்துட்டா என்னை எவன் சீண்டப்போறான்? நான் மாடு மேய்க்கத்தான் போவணும்."

"மாடும் உன்னைச் சீண்டாது" என்றான் சுப்ரமணி.

தெய்வசிகாமணிக்கு வேலையை முடிக்கும் அவசரம். பறிமுதல் செய்திருந்த பானையிலிருந்து கத்திகளை மேசையில் கொட்டி, "அவனவனுதை எடுத்துக்கங்க" என்றார். எடுத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது: மூடிய அறைக்குள் இரண்டு கூட்டத்துக்கும் ஆயுதம் வழங்கிவிட்டார். பக்கிரி சுப்ரமணியைப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் நாற்காலிக்குப் பின்னால் போனார்.

"பக்கிரி, நீ மொதல்ல கெளம்பு" என்றாள் ரஞ்சிதம், எழுந்திருக்காமலே. "சுப்ரமணி, நீ இப்டி என் பக்கத்துல குந்து."

பக்கிரி நகரவில்லை.

"போறியா, இல்ல திங்கக்கெழமையிலருந்து வெறும் சாராயத்தை நக்கறியா?"

பக்கிரி போனான். அவன் தெருமுனை திரும்பும் வரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சுப்ரமணியை அனுப்பினாள்.

தெய்வசிகாமணி ரஞ்சிதத்தின் மேல் எழுதி வைத்திருந்த புரோசேயை, அந்த வழக்குத் தாளை, நாலாகக் கிழித்தார். காரணம் எதையும் எழுதவில்லை. அரசாங்கத்தால் எழுத முடிகிற காரணம் அதில் ஒன்றுமில்லை.

"நான் போலாமா ஐயா?"

"போ. ஆனா அந்தப் பானை..."

"அது இல்லாம கடை தொறக்க மாட்டேன். வேணும்னா நீங்க வந்து வாசல்ல நின்னு வாங்கி வைங்க."

அவர் தேவதாஸின் கையைப் பார்த்தார். பிறகு பானையை அவரே தூக்கி அவனிடம் கொடுத்தார்.