மொட்டை மாடியில் கொடுத்த பேட்டி

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் கை தானாக உயரும், குரல் கீச்சென்று மேலே போகும். அந்தப் பழைய வீடியோ அவ்வளவு பரவியதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வேங்கிக்காலில் எங்கள் தெருமுனையில் நின்றுகொண்டு, "ஒரு பைசா வரி ஏத்த விடமாட்டேன். ரோடு கிடையாது, காவா கிடையாது, வரி மட்டும் டவுன் வரியா?" என்று அதில் கத்துகிறார். சுற்றி நிற்கிற பெண்கள் கை தட்டுகிறார்கள். எங்கள் பகுதியை மாநகராட்சியோடு சேர்த்த சமயம் அது. சொத்து வரி ஏறப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் தெருவே கூடிவிட்டது. வீடியோ எடுத்தவள் எதிர்வீட்டு டீச்சர். சாயங்காலம் டியூஷன் எடுத்துக் குடும்பத்தை ஓட்டுகிறவள். "அண்ணன் பேசறது எல்லாருக்கும் போய்ச் சேரணும்க்கா" என்று அவளாகவே தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரில் இருக்கிற என் தங்கச்சிக்கெல்லாம் அனுப்பினேன்.

அந்தப் பேச்சைப் பார்த்துத்தான் கட்சியில் இவரைக் கூப்பிட்டார்கள். கவுன்சிலர் தேர்தலுக்கு சீட்டும் கொடுத்தார்கள். சீட்டோடு தோளில் துண்டு வந்தது. துண்டோடு கட்சியின் கொள்கையும் வந்து உட்கார்ந்துகொண்டது. வரியைச் சீராக்கினால்தான் பாதாளச் சாக்கடை வரும், அதனால் கொஞ்சம் ஜாஸ்தி கட்டித்தான் ஆகவேண்டும் என்பது கட்சியின் பேச்சு. இவரும் வீடு வீடாகப் போய்க் கைகூப்பிக்கொண்டு அதையே சொன்னார். "வரி கட்டினாத்தான் காவா வரும். சும்மா வருமா?"

உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், அதில் தப்பில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. மழை பெய்தால் எங்கள் வாசலில் கணுக்கால் அளவு சாக்கடைத் தண்ணீர் நிற்கிறது. மனுஷன் என்றால் மனசு மாறாதா? மாறிய மனசை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் போதும். "அன்னிக்கு ஆத்திரத்துல பேசிட்டேன், இப்ப யோசிச்சுப் பாக்கறேன்" என்று சொல்லியிருந்தால் எங்கள் தெரு ஒத்துக்கொண்டிருக்கும். அந்த ஒரு வார்த்தைதான் இவர் வாயில் வரவில்லை.

அது வரும் முன்னே பழைய வீடியோ டிவியில் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜுக்கு மேல் இரண்டு அறையில் நடக்கிற உள்ளூர் சேனல் அது. 'அன்று – இன்று' என்று திரையை இரண்டாக வெட்டி, இந்தப் பக்கம் கத்துகிற என் வீட்டுக்காரர், அந்தப் பக்கம் கைகூப்புகிற என் வீட்டுக்காரர். கீழே 'வேட்பாளரின் வரி பல்டி' என்று ஓடுகிறது. பின்னால் சினிமா காமெடிக்குப் போடுகிற டொய்ங் சத்தம். அரைமணிக்கு ஒரு தரம் போட்டார்கள். சாக்கடைக்குக் காசு எங்கிருந்து வரும், வரி எவ்வளவு ஏறும், யாருக்கு ஏறும் என்று அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. டீக்கடையில் இவரைப் பார்த்து, "இன்னாங்க, இன்னிக்கு எந்தப் பக்கம்?" என்று ஒருவன் கேட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்து துண்டை மூலையில் விட்டெறிந்தார்.

கட்சியில் ஒருத்தர் வழி சொல்லிக் கொடுத்தார். "அது ஏஐ வீடியோனு சொல்லிடுங்க. முடிஞ்சுது கதை. நீங்க சொல்றத விட வீட்டுல இருக்கற பொம்பள சொன்னா ஜனங்க நம்புவாங்க." இவர் என்னைப் பார்த்தார். நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. இவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான். கூடவே கவுன்சிலர் சம்சாரம் என்று நாலு பேர் சொல்லவேண்டும் என்கிற அற்ப ஆசையும் இருந்தது. இல்லை என்று மறைத்து என்ன ஆகப்போகிறது?

சேனலிலிருந்து கேமராவோடு ஒரு தம்பி வந்தான். எங்கள் ஊர் சேனலில் யார் பேட்டி கொடுத்தாலும் பின்னால், ஊரே சாமியாகக் கும்பிடுகிற மலை தெரியவேண்டும். அது அவர்களுக்கு ஒரு வழக்கம். அதனால் மொட்டை மாடிக்குப் போனோம். மாடி ஏறி மலை கண்ணில் பட்டதும் எப்போதும் போலக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். துணி காயப்போட ஏறினால்கூட எனக்கு அது பழக்கம்.

"இப்படித் திரும்புங்கக்கா. மலை கரெக்டா வருது. ம், சொல்லுங்க. அந்த வீடியோல இருக்கறது அண்ணன்தானா?"

"இல்லிங்க. அது ஏஐல பண்ணது. அவரு அப்படிப் பேசவே இல்ல. யாரோ காசு வாங்கிக்கினு பண்ணியிருக்காங்க."

காசு வாங்கிக்கொண்டு என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது என் சொந்தச் சரக்கு. வாயில் வந்துவிட்டது. மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது அந்த நேரத்தில் ஒரு விதத்தில் சௌகரியமாகக்கூட இருந்தது. டிவியில் அதைப் போட்டபோது நாலு வார்த்தைக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. என் மூஞ்சியே எனக்குப் பிடிக்காமல், அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

யாரோ என்றுதான் சொன்னேன். ஆனால் அந்த வீடியோவை முதலில் போட்டது யார் என்று தெருவுக்கே தெரியும். அன்று சாயங்காலமே கட்சிப் பையன்கள் குழுவில் ஆரம்பித்துவிட்டார்கள். எதிர்க்கட்சியிடம் காசு வாங்கிய டீச்சர், பொய் வீடியோ டீச்சர் என்று எழுதினார்கள். இவளிடமா பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறீர்கள் என்று ஒருவன் கேட்டான். ஒருத்தரும் தட்டிக் கேட்கவில்லை. நானும் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

டியூஷன் நேரத்தில் டீச்சர் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. அந்த வாரத்தில் வாசல் காலியாகிக்கொண்டே வந்தது. என் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் நேரே அந்த வாசல்தான். வெயில் என்று சாக்குச் சொல்லி ஜன்னலைச் சாத்தியே வைத்தேன்.

ஒருநாள் அவள் எங்கள் கேட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"தேர்தல் முடியட்டும் டீச்சர். எல்லாம் சரியாயிடும்."

"முழு வீடியோ என் போன்ல இருக்குக்கா. 'இன்னும் சத்தமா பேசுங்க, பின்னாடி கேக்கல'னு நீங்க சொல்றது அதுல இருக்கு. வீட்டுப் பொம்பள குரல் வெளிய போக வேணாம்னு அன்னிக்கு நான்தான் வெட்டிட்டுப் போட்டேன். டிவிக்காரங்க வந்து கேட்டாங்க. அழிஞ்சிடுச்சுனு சொல்லிட்டேன்."

என்னைக் கண்டபடி ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். அவள் ஏசவில்லை. "டியூஷன் காசுலதான் மாச வாடகை குடுக்கறேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அந்த சேனல் தம்பிக்குப் போன் போட்டேன். "தம்பி, நான் சொன்னது பொய். வீடியோ நிஜம். கேமரா எடுத்துக்கினு வா, சொல்றேன்."

"அக்கா, அது பழைய மேட்டர். இப்ப பக்கத்து வார்டு வேட்பாளர் குடிதண்ணி வரியில பல்டி அடிச்சிட்டாரு, அதுதான் ஓடுது. நேத்துதான் அண்ணனும் நம்ம சேனலுக்கு விளம்பரம் குடுத்தாரு. விடுங்கக்கா, குடும்பத்துல குழப்பம் வேணாம்."

பொய்யைச் சொல்லக் கூப்பிட்டபோது ஓடிவந்தவன், உண்மையைச் சொல்லக் கூப்பிட்டால் எனக்குப் புத்தி சொல்கிறான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவன்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

டிவி வேண்டாம், என் வாயால் வீடு வீடாகச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினேன். முதலில் பின் தெருவில் இருக்கிற ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுப் பெண் பத்தாவது படிக்கிறாள். டியூஷனுக்குப் போவதை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தியவள் இவள்தான். அவள் அம்மா என்னைப் பார்த்ததும் புடவையைச் சரிசெய்துகொண்டு, "வாங்கக்கா, உக்காருங்க" என்று ஃபேனைப் போட்டாள். கவுன்சிலர் சம்சாரத்துக்குக் கிடைக்கிற மரியாதை அப்போதே எனக்குக் கிடைத்துவிட்டது.

"டீச்சர் மேல எந்தத் தப்பும் இல்லம்மா. அந்த வீடியோ நிஜம். நான்தான் டிவில பொய் சொல்லிட்டேன்" என்றேன். அவள் அதிர்ச்சி அடைவாள் என்று பார்த்தேன்.

அவள் லேசாகச் சிரித்தாள். "அது எங்களுக்கு அன்னிக்கே தெரியும்க்கா."

"எப்படி?"

"பேசி முடிச்சதும் மலைப் பக்கம் திரும்பி, தப்பு தப்புனு கன்னத்துல போட்டுக்கினீங்களே. டிவில அதையும் சேத்துத்தான் போட்டான். தெருவே பாத்துது. நீங்க பாக்கலையா?"

நான் பார்க்கவில்லை. செய்தது நினைவிலும் இல்லை. கை அதுபாட்டுக்குச் செய்திருக்கிறது.

"தெரிஞ்சுதான் பொண்ண நிறுத்தினீங்களா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நாளைக்கு அண்ணன் ஜெயிச்சாருனா குழாய்க்கு, ரோட்டுக்கு, வரி கம்மி பண்ணச் சொல்லிக் கேக்க, எல்லாத்துக்கும் அவர்கிட்டதான வரணும்? டீச்சர் வீட்டுக்குப் பொண்ண அனுப்பினா உங்களுக்குப் பிடிக்காதோன்னு பயம்தான்க்கா. டீச்சர்கிட்ட சொல்லிட்டுத்தான் நிறுத்தினோம். அவங்களும் சரினுட்டாங்க. நீங்க ஒன்னும் மனசுல வெச்சுக்காதீங்க."

காபி கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்காமல் வந்தால் கோபித்துக்கொண்டேன் என்று அதற்கும் பயப்படுவாள். குடித்தேன்.

என் பொய்யை ஒருத்தர்கூட நம்பவில்லை. நம்பாமலே அதற்குக் கட்டுப்பட்டிருக்கிறார்கள். நம்பி ஏமாந்திருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

"நாளையிலேர்ந்து பொண்ண அனுப்புங்க. எனக்குப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தெருவில் இறங்கியதும் மலை நேரே தெரிந்தது. கை தானாகக் கன்னத்துக்குப் போனது. பாதியில் இறக்கிக்கொண்டு, எங்கள் வீட்டைத் தாண்டிப்போய் எதிர்வீட்டு கேட்டைத் திறந்தேன்.