அப்பா உள்ளே வந்து உட்கார்ந்த நாள்

நாங்குநேரிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த அப்பா, இளவயதில் தாராவிக்கு வந்தார். சூட்கேஸ் பட்டறையில் தையல் வேலை பார்த்து, பின்னர் சொந்தப் பட்டறை நடத்தினார். இடுப்பு வலி வந்தபோது, காலமெல்லாம் குனிந்து தைத்ததால் என்றே நினைத்தார். நாங்களும் அப்படியே நினைத்தோம். பரிசோதனை வேறு சொன்னது: புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், எலும்பு வரை பரவிவிட்டது.

பெரிய நோய் என்றால் எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்து, கையில் டீயைக் கொடுத்துவிட்டு, ஆண்கள் உள்ளே போய் டாக்டரிடம் பேசி முடிவெடுப்பார்கள். அப்பாவுக்கும் அதையே செய்தோம். பெரியப்பாவின் நோயின்போது உள்ளே போனவர்களில் அப்பாவும் ஒருவர் என்பதை மறந்துவிட்டோம். டீயை வாங்காமல் கதவைத் திறந்து வந்தார்.

“அண்ணனையும் இப்படித்தான் வெளிய உக்கார வச்சோம். எனக்குத் தெரியாதால? தள்ளி உக்காரு,” என்றார் சித்தப்பாவிடம்.

டாக்டர் இந்தியில் விளக்கினார். அடியோடு குணமாகாது, கட்டுப்படுத்தி வைக்கலாம். நோயை வளர்க்கும் ஆண் ஹார்மோனைக் குறைக்க இரண்டு வழிகள்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி, அல்லது விதைகளை அகற்றும் ஆபரேஷன். எதுவானாலும் கூடவே மாத்திரை. ஆபரேஷன் ஆம்பளைக்குக் கேவலம் என்று சித்தப்பா முனகினார்.

“ஏல, இனிமே எனக்குப் பொண்ணா பாக்கப் போற?” என்றார் அப்பா.

நாங்கள் சிரிப்பதைப் பார்த்துத் தமிழ் தெரியாத டாக்டரும் சிரித்தார். அப்பா ஆபரேஷனையே தேர்ந்தெடுத்தார்.

இரண்டு தீபாவளிகள் நன்றாகவே போயின. பிறகு நோய் மீண்டும் தலைதூக்கியது. இரண்டு முறை கீமோ ஏற்றியதும் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. இன்னும் ஏற்றினால் என்ன கிடைக்கும் என்று அப்பாவே கேட்டார். சில மாதங்கள் கூடலாம், கூடாமலும் போகலாம், இந்தச் சோர்வு இருக்கும் என்றார் டாக்டர். போதும், வலியை மட்டும் பாருங்கள் என்று அப்பா சொல்லிவிட்டார். வலிக்கான கதிர்வீச்சையும் மாத்திரைகளையும் நாங்கள் நிறுத்தவில்லை. அம்மா பக்கத்தில் இருக்க, வீட்டில் காலமானார்.

ரத்தம் கொடுத்த பட்டறைத் தோழர்கள், கூப்பிட்டபோதெல்லாம் டாக்ஸி எடுத்த பக்கத்து வீட்டு அண்ணன், சுனாபட்டியிலிருந்து கஞ்சி கொண்டுவந்த அத்தை, அப்பாவின் முகம் பார்த்துப் பேசிய டாக்டர் ஆகியோருக்கு எங்கள் நன்றி.

மூத்த மகனாக ஒரு வேண்டுகோள். துக்கம் கேட்க வந்த பலர், ஏன் கீமோவை நிறுத்தினீர்கள் என்று அம்மாவிடம் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி அம்மா ஓய்ந்துவிட்டார். நிறுத்தியவர் அப்பா. இனி அம்மாவிடம் ஏதாவது கேட்பதானால், சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள்.