ஜினதாஸின் காதுக்குள் ஓடிய மில்

செஞ்சிக் கோட்டையைக் கட்டியது யார் என்று கேட்டால் ஊரில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். ஜினதாஸ் அரவை மில்லைக் கட்டியது யார் என்று யாரும் கேட்கவே வேண்டாம்; ஜினதாஸே சொல்லிவிடுவார். மேல்சித்தாமூரிலிருந்து வெறுங்கையோடு வந்தது, மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்கியது, காயலான் கடைக்குப் போக இருந்த மெஷினை வாங்கி ஓட வைத்தது என்று அவ்வளவும் வரும். அரைக்க வந்தவர்கள் தவிட்டைச் சாக்கில் கட்டி முடிப்பதற்குள் ஒரு தடவையாவது அதைக் கேட்டாக வேண்டும்.

"நான் படிச்சது மூணாங்கிளாஸு. இன்ஜினியருங்க வந்து என் மெஷினைத் தொட்டுக் கும்புட்டுப் போறானுங்க" என்பார்.

எந்த இன்ஜினியரும் வந்து கும்பிட்டதை ஊர் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய காதைப் பற்றி அவர் அடித்துக்கொண்ட பெருமையில் ஒரு சொட்டுக்கூடப் பொய் இல்லை. பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பேரிங் தேய்ந்திருக்கிறதா, சல்லடையில் கல் மாட்டியிருக்கிறதா என்று மில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவார். மெஷின் சத்தம் மாறினால் எங்கோ கோளாறு. அவ்வளவுதான் அவர் படித்த படிப்பு; அதிலேயே வீடு, நிலம், மகளின் காலேஜ் எல்லாம் வந்தது.

அதனால்தான் போன ஆடி மாதம் 'கொய்ங்' என்று மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டபோது அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

"எளையபெருமாளு, மெஷினை நிறுத்துடா! பேரிங் பூடப்போவுது."

மெஷின் ஓட்டும் இளையபெருமாள் குனிந்து கேட்டான். "எனுக்கு ஒண்ணும் கேக்கலியே மொதலாளி."

"உனுக்குக் கேட்டா நீ ஏன்டா எங்கிட்ட வேலைக்கி இருக்கப் போற?"

பேரிங்கைக் கழற்றினார்கள். மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தது. இருந்தாலும் புதுசு போட்டார்கள். சத்தம் போகவில்லை. பெல்ட்டை மாற்றினார்கள். மோட்டாரை இறக்கித் திண்டிவனத்துக்கு அனுப்பினார்கள். அரைக்க வந்தவர்கள் மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு அடுத்த மில்லுக்குப் போனார்கள். கடைசியில் மில்லின் உறுப்புகள் எல்லாம் தார்ப்பாயில் பரப்பிக் கிடக்க, நடுவில் நின்று ஜினதாஸ், "இன்னும் கேக்குதுடா" என்றார்.

இளையபெருமாள் தலையைச் சொறிந்தான். "மொதலாளி, கோச்சிக்காதீங்க. மெஷினு துண்டு துண்டாக் கெடக்குது. சத்தம் போடறதுக்கு இனிமே நாம ரெண்டு பேருதான் பாக்கி."

விழுப்புரத்தில் காது டாக்டர் சோதித்துப் பார்த்தார். மில் சத்தத்திலேயே காலமெல்லாம் நின்றதில் காது நைந்திருக்கிறது, இது காது இரைச்சல், இதை அடியோடு நிறுத்த மாத்திரை கிடையாது, பழகிக்கொள்ளலாம் என்றார். ஜினதாஸ் அதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார். சத்தத்தால் வந்தது என்றால் சத்தம் இல்லாமல் இருந்தால் போய்விடும்!

அன்றிலிருந்து வீட்டில் ஃபேன் ஓடக்கூடாது, டிவி பேசக்கூடாது, குக்கர் விசில் அடிக்கக்கூடாது.

"விசில் வராம பருப்பு எப்புடிங்க வேவும்?" என்றாள் மனைவி தர்மவதி.

"வேவாத பருப்பே போடு."

மெஷினைத் திரும்பப் பூட்டி ஓட்டுவதை இளையபெருமாளிடம் விட்டுவிட்டு, மில்லுக்குப் போவதையும் நிறுத்தினார். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு திருநாதர்குன்று ஏறி, பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்களுக்கு எதிரே போய் உட்கார்ந்தார். காற்றுகூட இல்லை. இருபத்து நான்கு பேரும் சத்தமில்லாமல் இருந்தார்கள். ஜினதாஸின் காதுக்குள் மட்டும் மூன்று மில் ஓடியது. ஊர்ச் சத்தத்தில் ஓரமாகக் கிடந்த இரைச்சல், போட்டிக்கு ஆள் இல்லாததைக் கண்டதும் மேடை ஏறிவிட்டது.

இறங்கி வரும்போது முடிவு கட்டிவிட்டார். எல்லாம் இந்த மில்லால் வந்த வினை, விற்றுவிட வேண்டியதுதான். அவலூர்பேட்டை அரிசி வியாபாரி ராஜாராமுக்கு அந்த மில்மேல் வெகுநாளாக ஒரு கண். தை பிறந்ததும் முன்பணத் தட்டோடு வரச் சொல்லிவிட்டார். சொன்ன நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. மில் இல்லாவிட்டால் தன் கதையை யாரிடம், எங்கே நின்று சொல்வது?

"நாள் பூரா நீங்க வூட்ல இருந்தா எனுக்குக் காது எரையும், பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, தர்மவதி சென்னையில் இருந்த மகள் யாழினிக்குப் போன் போட்டாள்.

யாழினி ஒரு வழி வைத்திருந்தாள். காது இரைச்சல் உள்ளவர்களுக்குப் போன் மூலமாகவே மனப்பயிற்சி கொடுத்து, எவ்வளவு குணம் தெரிகிறது என்று ஆராய்ச்சி நடக்கிறதாம்.

"மனசு டாக்டரா? இன்னாடி, நைனாவுக்குப் பைத்தியம்னு முடிவே பண்ணிட்டியா?"

"அய்ய, அது இல்ல நைனா. ஆராய்ச்சிக்கு ஆளு தேடிக்கினு இருக்காங்க. படிச்சவங்கதான் வராங்களாம். மெஷினோட பொழங்குன அனுபவஸ்தரு ஒருத்தருகூடக் கெடைக்கலியாம்."

ஜினதாஸ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அதான பாத்தேன். நான் இல்லாம இன்னா ஆராய்ச்சி பண்ணுவாங்க? வரேன்னு சொல்லு."

பயிற்சி கொடுப்பவர் பெயர் ரஞ்சனி. மாலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நாங்கள் ஜைனர்கள், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டியவர்கள், ஆராய்ச்சிக்காக அதை மாற்ற முடியாது என்றார் இவர். ஆராய்ச்சி நாலு மணிக்கு நகர்ந்தது.

"ஐயா, முன்னாடியே சொல்லிடறேன். இந்தச் சத்தத்தை என்னால நிறுத்த முடியாது. அது உங்களைப் படுத்துற பாட்டைக் குறைக்கலாம்."

"நிறுத்த முடியாதுன்னா அப்புறம் நீ எதுக்கும்மா?"

ரஞ்சனி சிரித்துவிட்டுக் கேட்டார். "சத்தம் கேட்டதும் மனசுல என்ன தோணுது?"

"இன்னா தோணும்? மெஷினு கெட்டுப்போச்சுன்னு தோணும்."

"மில்லுக்குப் போறதைத்தான் நிறுத்திட்டீங்களே. இப்ப எந்த மெஷின்?"

"இந்த மெஷினுதான்" என்று ஜினதாஸ் தன் நெஞ்சைத் தட்டிச் சொன்னார்.

"சத்தம் வந்தா கோளாறுன்னு பழகின காது ஐயா உங்களோடது. மில்லுக்கு அது சரி. ஆனா இந்தச் சத்தம் எந்தக் கோளாறையும் சொல்ல வரல. நீங்கதான் ராப்பகலா ஸ்பேனரும் கையுமா அது பின்னாடி ஓடிக்கிட்டிருக்கீங்க."

அது அவருக்குப் புரிகிற பாஷை. வாரா வாரம் போனை எடுத்தார். பஞ்சை எடுத்தார், ஃபேனைப் போட்டார், குக்கருக்கு விசில் அடிக்க அனுமதி கிடைத்தது. கண்ணை மூடி உட்கார்ந்து, வருகிற சத்தங்களை வரவும் போகவும் விடச் சொன்னபோது மட்டும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"இது எங்க சாமாயிகம்மா. எல்லா உசுரும் ஒண்ணுன்னு அசையாம ஒக்கார்றது. ரெண்டாயிரம் வருசமாப் பண்றோம். நான் வேணா உனுக்குச் சொல்லித் தரட்டா?"

"இவரு ஒக்காந்தா கொறட்டைதாம்மா வரும்!" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தாள் தர்மவதி.

"குறட்டை வந்தா தூக்கம் வருதுன்னு அர்த்தம்மா. வரட்டும்" என்றார் ரஞ்சனி.

மார்கழியில், காதை மூடும் கவசத்தை மாட்டிக்கொண்டு மில்லுக்கே போகச் சொன்னார். போனார். யாரோ ஈர நெல்லைக் கொண்டுவந்து, காய்ந்ததென்று சாதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிடி அள்ளி, ஒரு மணியைக் கடித்துக் காட்டி, உச்சி வெயில்வரை வாதாடி ஜெயித்து வீட்டுக்கு வரும் வழியில்தான் நினைவு வந்தது: காலையிலிருந்து காதுப் பக்கமே எண்ணம் போகவில்லை. நினைத்ததும் 'கொய்ங்' என்று வந்துவிட்டது.

"மறந்தே பூட்டேம்மா" என்றார் அந்த வாரம்.

"அதுதான் ஐயா நாம எதிர்பார்த்தது."

"நீ எதிர்பாத்த. மறந்தது நானு."

தை பிறந்தது. ராஜாராம் வருகிற அன்று, வேண்டுமென்றே செய்ததுபோல இரைச்சல் உச்சத்தில் இருந்தது. மெஷின் போச்சு, விற்றுத் தொலை என்றது மனசு. ஜினதாஸ் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இது கோளாறு இல்லை, சத்தம். வெறும் சத்தம் என்று அதற்குப் பதில் சொன்னார். அது கேட்கவில்லை. மறுபடியும் சொன்னார். எழுந்து போய் அவரே சுவிட்சைப் போட்டார். தரை அதிர மெஷின் எழுந்தது.

வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நடுவில் முன்பணம் வைத்த தட்டோடு ராஜாராம் வாசலில் நின்று கத்தினார். "இன்னா ஜினதாஸு, காது சரியாயிடுச்சா?"

"எங்க சரியாவுது! காலைலேர்ந்து ஒரே கத்தலு."

"அப்ப தட்டை வாங்கிக்கோ."

ஜினதாஸ் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "அது பாட்டுக்குக் கத்தட்டும் ராஜாராமு. எனுக்கு அரைக்கிற வேலை இருக்குது. மில்லை நான் குடுக்கல."

"அட இன்னாய்யா! பின்ன எதுக்கு என்னை அம்மாந்தூரத்துலேர்ந்து வரச் சொன்ன?"

"வந்ததும் நல்லதுதான். ஒக்காரு. ஒரு பெரிய ஆராய்ச்சிக்காரம்மாவுக்கு நான் பாடம் எடுத்த கதையை நீ இன்னும் கேக்கலியே!"

ராஜாராம் உட்காரவில்லை. தட்டோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பினார். அதற்குள் மில்லுக்குச் சாப்பாடு கொண்டுவந்த தர்மவதி குறுக்கே வந்து வாழைப்பழச் சீப்பை மட்டும் எடுத்துக்கொண்டாள். தேடி வந்த பழத்தைத் திருப்பி அனுப்பக்கூடாதாம்.