ரேஞ்சர் வீட்டுப் பூனையின் வயிறு

போன வாரம் மகள் வீட்டில் இருந்தேன். நான் விரித்து வைத்திருந்த செய்தித்தாளின் மேல் அவளுடைய பூனை நிதானமாக வந்து நின்று, முதுகை வளைத்து, காலையில் தின்றதையெல்லாம் கக்கியது. அன்றைய தலையங்கத்தைப் பற்றி எனக்கும் ஏறக்குறைய அதே அபிப்பிராயம்தான் என்பதால் கோபம் வரவில்லை. மகள்தான் பதறிவிட்டாள். பூனையைத் துவாலையில் சுற்றிக்கொண்டு, ஆட்டோ பிடித்துக் கால்நடை டாக்டரிடம் ஓடினாள். எனக்கு நெஞ்சைக் கரித்தபோது "ஒரு சோடா குடிச்சுட்டுப் படுங்கப்பா" என்று சொன்ன அதே மகள்தான். துணைக்கு நானும் போனேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். பூனையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், மகளிடம் நிறையக் கேள்வி கேட்டார். கடைசியில், "ஒரே நேரத்துல தட்டு நெறையப் போடாதீங்க. கொஞ்சங்கொஞ்சமா நாலஞ்சு தடவையாக் குடுங்க. அவசர அவசரமா முழுங்கறதாலதான் வெளிய வருது. அப்பவும் நிக்கலைன்னாலோ, இளைச்சுப் போனாலோ உடனே தூக்கிட்டு வாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் முறைத்தாள். இந்த வைத்தியத்தை வெள்ளைக்காரன் காலத்திலேயே கொல்லிமலையில் நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம் என்றும், அதை ஒரு மனிதர் காதில் ஏற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது என்றும் அவளிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் முறைக்க மாட்டீர்கள்.

அந்த டாக்டர் அறையில் ஓமம் மாதிரி ஒரு வாசனை அடித்தது. ஓமம் என்றால் எனக்கு மருந்துக்கூடம்தான் ஞாபகம் வரும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். மலைமேல், செம்மேட்டுக்குப் பக்கத்தில், ஓடு வேய்ந்த ஒற்றை அறையில் ஒரு மருந்துக்கூடம் இருந்தது. அதற்கு நான் கம்பவுண்டர். என் திறமையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து வேறு யாருமே மனுப் போடவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. டாக்டர் மாதம் ஒருமுறை கீழேயிருந்து வருவார் என்று ஏற்பாடு. மழையோ வெயிலோ குளிரோ இல்லாத மாதங்களில் அவர் தவறாமல் வந்தார். காய்ச்சலுக்குக் கொடுக்கும் குயினைன் எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டது. என்னிடம் மிஞ்சியவை மூன்று ஜாடிகள். வயிற்றுக்கு ஓமத் தண்ணீர், காயத்துக்கு டிஞ்சர், இன்னதென்று பிடிபடாத வியாதிகளுக்கெல்லாம் ரோஸ் நிறத்தில் ஒரு மிக்சர். அதில் சாயமும் சர்க்கரையும் தவிர என்ன இருந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் மலைக்காரர்கள் அதைத்தான் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

மருந்துக்கூடத்துக்குக் கொஞ்சம் மேலே காட்டிலாகா ரேஞ்சரின் வீடு. ஆள் வாட்டசாட்டமானவர். விறகு சுமந்து வருகிறவர்கள் அவர் பூட்ஸ் சத்தம் கேட்டால் சுமையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அதனால் அந்த வீட்டுப் பக்கம் எந்தப் பெண்பிள்ளையும் எட்டிப் பார்ப்பதில்லை. இந்தக் கீர்த்தியின் பலனை முழுசாக அனுபவித்தது அவர் மனைவிதான். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். சேந்தமங்கலத்தில் வயலும் கிணறும் மாடும் ஜனமுமாக வளர்ந்தவர், மலைமேல் பேச ஆளில்லாமல் கிடந்தார். கணவர் மாதத்தில் பாதி நாள் கேம்ப்பில் இருப்பார். மீதி நாள் வீட்டில் இருப்பார், அப்போதும் பேச ஆளில்லை. ஊரிலிருந்து கூடையில் வைத்துக் கொண்டுவந்த சாம்பல் நிறப் பூனை ஒன்றுதான் துணை. அதன் நடையைப் பார்த்து அக்கா அதற்கு ஜமீன் என்று பெயர் வைத்திருந்தார்.

ஒருநாள் காலையில் காட்டுக் காவலர் சடையன் ஓடிவந்து, "ஏனுங்க, ரேஞ்சரு கூப்புடறாரு. வெரசா வாங்க" என்றார். காய்ச்சல்தான் என்று நினைத்து மூன்று ஜாடியையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். ரேஞ்சர் நடுவீட்டில் ஒற்றைக்கால் பூட்ஸோடு நின்றிருந்தார். இன்னொரு பூட்ஸ் தரையில் இருந்தது. அதற்குள் ஜமீனின் காலைச் சாப்பாடு இருந்தது.

"கம்பவுண்டரே, இது எனக்கு ஊடா, இந்தப் பூனைக்கு ஊடா? தெனமும் கக்குது. மேஜையில கக்குது, படுக்கையில கக்குது, இன்னைக்கு இதுல கக்கிப்போட்டுது. வெள்ளைக்கார தொரை இன்ஸ்பெக்சனுக்கு வாராரு. அதுக்குள்ள கொணமாகோணும். இல்லீன்னா சடையன் சாக்குல கட்டிக் கீழ அடிவாரத்துல, காரவள்ளியில கொண்டுபோய் உட்டுருவான்."

சடையன் தலையைச் சொறிந்தார். "சாக்குல மூச்சு முட்டுமுங்களே."

"அப்ப சாக்குல ஓட்டை போடு!"

கதவோரம் நின்றிருந்த அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "அது எறங்குனா நானும் எறங்கறனுங்க. எனக்குச் சாக்கு வேண்டாம், நடந்தே போய்க்குவேன்" என்றார். ரேஞ்சர் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டினார். அக்கா விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்கே தெரிந்தது. அவர் பார்வை மூலையில் இருந்த டிரங்குப் பெட்டியின் மேல் இருந்தது.

நான் என் வைத்தியத்தை ஆரம்பித்தேன். ஓமத் தண்ணீர் கொடுத்தேன், கையைப் பிறாண்டிவிட்டுக் கக்கியது. ரோஸ் மிக்சர் கொடுத்தேன், ரோஸ் நிறத்தில் கக்கியது. முன்பு வெள்ளையாக மட்டும் இருந்தது, ஆகவே சிகிச்சையில் முன்னேற்றம் தெரிந்தது என்று சொல்லலாம். டிஞ்சர் என் கைக்குத்தான் பயன்பட்டது.

"மருந்த உடுங்க தம்பி. இங்க வந்து அது திங்கறதக் கொஞ்சம் பாருங்க" என்றார் அக்கா. போய் உட்கார்ந்தேன்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ரேஞ்சர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பூனைக்குச் சோறு, அதுவும் நாளுக்கு ஒரே வேளை. வாயில்லா ஜீவனுக்கும் ஒழுங்கு வேண்டும் என்பது அவர் கொள்கை. பசியில் ஜமீன் அதற்குள் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தி ஓய்ந்திருக்கும். ஆழமான பித்தளைக் குண்டாவில் எருமைப்பாலும் சோறும் வைத்ததும் தலையை உள்ளே விட்டது. மென்றதாகவே தெரியவில்லை, மூச்சு விட்டதாகவும் தெரியவில்லை. குண்டா காலி. வாசல் வரை நடந்து போனது. அங்கே முதுகை வளைத்தது.

அக்கா குச்சியால் கிளறிக் காட்டினார். "பாத்தீங்களா, சோறு சோறாவே கெடக்குது. வயித்துல தங்கவே இல்லீங்க தம்பி, போன வேகத்துல திரும்பி வருது. இன்னொண்ணு சொல்றேன், அவருகிட்டச் சொல்லீராதீங்க. அவரு கேம்ப் போன நாள்ல நான் திங்கறப்பவெல்லாம் அதுக்கும் ஒரு வாய் உருட்டிப் போடுவேன். அன்னைக்கெல்லாம் கக்கறதே இல்லீங்க."

அப்படியானால் வியாதியின் மூலம் ரேஞ்சர். இதை எந்த ஜாடியில் கரைத்து அவருக்குக் கொடுப்பது? சட்டத்தை மாற்றுங்கள் என்று அவரிடம் சொன்னால், பூனையோடு கம்பவுண்டரையும் அதே சாக்கில் கட்டிவிடுவார். அக்கா என் ரோஸ் ஜாடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அவர்தான், "உங்க ரோஸ் தண்ணியில ஒரு சொட்டு போதுமில்லீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுவே முதல்தடவை.

மறுநாள் ரேஞ்சரிடம் போய் மிகவும் கடுமையான முகத்தோடு சொன்னேன். "ரொம்ப வீரியமான மருந்துங்க. ஒரு சொட்டுக்கு மேல போகக்கூடாது. வெறும் வயித்துல கூடாது. விடிஞ்சதும், வெயில் ஏறுனப்ப, மத்தியானம், பொழுது சாய, விளக்கு வெச்சப்பறம், ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி சோத்தோட குடுக்கோணும். மருந்து ஒரே எடத்துல தேங்கக்கூடாதுங்க, அதனால சோத்தத் தட்டையான தட்டுல பரப்பித்தான் வெக்கோணும். எருமைப்பால் பட்டா மருந்து முறிஞ்சுபோகும், பச்சத் தண்ணி போதும்."

பசிக்குச் சோறு போடுங்கள் என்று சொல்லியிருந்தால் மறுத்திருப்பார். பத்தியம் என்றதும் பயபக்தியோடு தலையசைத்தார். "மருந்துன்னா அப்படித்தான் இருக்கோணும்" என்று மனைவியிடம் வேறு சொன்னார். கேம்ப் கிளம்பும்போதெல்லாம், "வேளை தப்பப்படாது" என்று அக்காவுக்கே உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

நடுவில் ஒருமுறை பூனை கக்கியபோது எனக்கு உயிர் போய்விட்டது. அது சோறு இல்லை, விரல் நீளத்துக்கு முடி உருண்டை. கோடையில் முடி உதிர்கிறது, நக்கி நக்கி உள்ளே போகிறது என்று கண்டுபிடித்து, அக்கா தினமும் தன் பழைய சீப்பால் அதற்குத் தலைவாரிவிட்டார். துரை வந்தார். ஜமீன் அவர் நாற்காலிக்கடியில் கௌரவமாகத் தூங்கியது. டிரங்குப் பெட்டியும் மூலையிலேயே இருந்தது.

இதோடு முடிந்திருக்க வேண்டியது. ரேஞ்சருக்கு இன்னொரு ஆசை வந்தது. காட்டில் அலைந்துவிட்டு வந்து அவர் சாப்பிடுகிற வேகத்தை நீங்கள் பார்த்ததில்லை. ஜமீன் பரவாயில்லை. நெஞ்சைக் கரிக்கிறது என்று பிடித்துக்கொண்டு மருந்துக்கூடத்துக்கே வந்து, வெளியே யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, "பூனைக்குக் குடுத்தீங்களே, அது மனுசனுக்கு ஆகுமா?" என்று கேட்டார். ஆகும் என்றேன். அதே பத்தியம். நாலைந்து பொழுதாகக் கொஞ்சங்கொஞ்சமாக, பரப்பி வைத்து, மெதுவாக. கரிப்பு நின்றது. மெதுவாகச் சாப்பிடுகிற மனிதன் அந்த நேரத்தில் வேறென்ன செய்வான்? எதிரில் இருக்கிறவரோடு பேசத்தான் வேண்டியிருந்தது. அக்கா என்னிடம், "இப்பெல்லாம் நெறையக் கதை சொல்றாருங்க. கரடி கதையே நாலு இருக்குது" என்றார். அலுத்துக்கொண்ட மாதிரிதான் சொன்னார். அலுப்பு முகத்தில் இல்லை. ரேஞ்சரோ போகிற இடமெல்லாம் அந்த மருந்தைத் தாமே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஆட்சேபிக்கவில்லை. அதில் என்ன இருந்தது என்று எனக்கே தெரியாதபோது எப்படி உரிமை கொண்டாடுவது?

அடுத்த வருஷம் மாற்றல் உத்தரவு வந்தது. புறப்படுகிற நாள், சுமைகாரர்கள் சாமான்களைத் தலையில் ஏற்றிக்கொண்டு நின்றார்கள், ஜமீனைக் காணோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை, கிளம்பவும் இல்லை. ரேஞ்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சத்தம் போடப்போகிறார் என்று நாங்கள் எல்லோரும் ஒதுங்கி நின்றோம். அவர் வீட்டுக்குப் பின்னால் மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, நாங்கள் யாரும் கேட்டறியாத ஒரு குரல் வந்தது. "ஜமீனு... வா சாமி. வா கண்ணு. உன்ன உட்டுப்போட்டு நாங்க எப்படிப் போறது?"

சடையன் என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். சுமைகாரர்களில் ஒருவர் சிரிக்க வாயெடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். கடைசியில் காக்கிச் சட்டை முழுக்கப் பூனை முடியோடு ரேஞ்சர் வந்தார். ஜமீனைக் கூடைக்குள் வைத்து மூடினார். சடையன் வாங்கக் கை நீட்டினார், கொடுக்கவில்லை. அந்தச் செங்குத்தான பாதை முழுக்க அவரே சுமந்துகொண்டு இறங்கினார் என்று சுமைகாரர்கள் வந்து சொன்னார்கள். பாதிவழியில் ஒரு பாறை மேல் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, ஒரு பிடி சோறு கொடுத்தாராம். வேளை தப்பக்கூடாது அல்லவா?

அப்புறம் அவர்களை நான் பார்க்கவே இல்லை. என் உத்தியோகமும் கீழே வந்துவிட்டது. பல வருஷம் கழித்து ஒருமுறை பஸ்ஸில் மலைக்குப் போனேன். கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. எனக்கு முன்னால் இருந்த ஒரு குடும்பமே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வந்தது. செம்மேட்டில் மருந்துக்கூடம் இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. ரேஞ்சர் வீடு எது என்று சொல்ல யாருமில்லை. மலைக்காய்ச்சலும் போய்விட்டது. அது போனதில் மட்டும் எனக்கு வருத்தமில்லை.

திரும்பும்போது காரவள்ளி டீக்கடையில் இறங்கி, அந்தக் காலத்தில் சுமையோடு மலைக்கு நடந்து ஏறி இறங்கிய பழைய பாதை எங்கே ஆரம்பிக்கும் என்று கேட்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் முள்ளும் புதருமாகக் கிடந்த சரிவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நடந்தா போனாங்க? அப்படி என்னத்தங்க தூக்கிட்டுப் போனாங்க?"

ஒரு பூனையை என்று சொல்ல நான் வாய் திறப்பதற்குள் பஸ்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.