கை நின்ற இடங்களை எண்ணியவர்

செபஸ்தியான் மறைந்த செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஸ்ரீரங்கத்தில் நான் ஆபீஸ் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வந்தது. பாலக்கரையிலிருந்து அவருடைய மைத்துனர் சைக்கிளில் வந்திருந்தார். "சார், மச்சான் விடியக்காலையில தவறிட்டாங்க. நெஞ்சு வலின்னாங்க, டாக்டர் வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. நாளைக்குக் காலையில அடக்கம்" என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு, இன்னும் நாலு இடம் போகவேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

நான் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். ஒருமுறை செருப்பைப் போட்டேன், கழற்றினேன். என் மனைவி, "இப்படி நடந்துண்டே இருந்தா ஆச்சா? கிளம்புங்கோ" என்றாள். கிளம்பினேன். ஆனால் ஆபீஸுக்கும் போகவில்லை, பாலக்கரைக்கும் போகவில்லை. நேராகத் தபாலாபீஸுக்குப் போய், பஸ்ஸில் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் ஒரு சர்க்கரை ஆலைக்கு, அங்கே கொதிகலன் ஓட்டும் கருப்பையாவின் பேருக்கு ஒரு தந்தி கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் கொதிகலன்கள் செய்கிறோம் என்பது ஊருக்குத் தெரியும். அந்தக் கொதிகலனை எப்படி ஓட்டுவது, எப்படிப் பிரிப்பது, எப்படிப் பூட்டுவது என்று எழுதி அனுப்ப ஒரு சின்னப் பிரிவு இருப்பது தொழிற்சாலைக்குள்ளேயே பலருக்குத் தெரியாது. அதில் நாங்கள் ஐந்து பேர். பொறுப்பாளர் செபஸ்தியான். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது; ஒரே வாரத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். அதற்கு முன் அவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. டைப் அடித்த தாள் சூடு ஆறுவதற்குள் அதை எடுத்துக்கொண்டு கொதிகலன்கள் பூட்டும் ஷாப்புக்குப் போய்விடுவார். யாராவது ஒரு ஃபிட்டரிடம் கொடுத்து, "இதுல எழுதியிருக்கிற மாதிரியே செய்யுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்பார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். ஃபிட்டரின் கை எந்த வரியில் நிற்கிறதோ, அந்த வரிக்கு எதிரே பென்சிலால் ஒரு புள்ளி. ஒரு பக்கத்தில் புள்ளியே விழாத வரைக்கும் அது அச்சுக்குப் போகாது.

கொதிகலன் ஓட்டுகிறவர்களுக்குத் தமிழில் ஒரு புத்தகம் வேண்டும் என்று மேலிடத்தில் எழுதிக் கேட்டு வாங்கியவரும் அவர்தான். நான் முதல் பக்கத்தில் 'தடுக்கிதழ்' என்று எழுதிக் கொண்டுபோனேன். படித்துவிட்டு, "நல்ல வார்த்தைதான் வரதன். ஆனா படிக்கிறவர் கை நின்னுடும். வால்வுன்னே போடுங்க" என்றார்.

மேலாளருக்கு வேலை இப்படி மெதுவாகப் போவது பிடிக்கவில்லை. எங்கள் அறையில் ஒரு கரும்பலகை மாட்டச் சொன்னார். யார் யார் மாதத்தில் எத்தனை பக்கம் முடித்தார்கள் என்று அதில் எழுத வேண்டும். செபஸ்தியான் மன்றாடிப் பார்த்தார். "பக்கத்தை எண்ணினா பக்கம்தான் சார் வரும். படிக்கிறவன் எங்க தடுமாறுறான்னு எண்ணுங்க" என்றார். "தடுமாற்றத்தை எல்லாம் ரிப்போர்ட்டில் போட முடியாது" என்று பதில் வந்தது. பலகையில் என் பெயருக்கு எதிரே இருந்த எண்தான் மாதாமாதம் பெரியது. எனக்கு அதில் பெருமை இருந்தது. பஸ்ஸில் சக ஊழியர்களிடம் சொல்லியும் இருக்கிறேன்.

அப்படி ஒரு மாதக் கடைசியில், தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை மாற்றுவது பற்றிய பக்கத்தை நான் முடித்தேன். ஒரு வரி அடுத்த பக்கத்துக்கு வழிந்தது. வரிகளைக் கொஞ்சம் நகர்த்திச் சரிசெய்தேன். செபஸ்தியான் அன்று லீவு. ஷாப்புக்கு எடுத்துப்போகாமலே, செய்து பார்த்தாயிற்று என்று குறித்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன். வால்வுகளை மூடச் சொல்லும் வரிக்கு முன்னால் நட்டைத் தளர்த்தச் சொல்லும் வரி போய் உட்கார்ந்துவிட்டது.

நான்கு மாதம் கழித்து அந்தச் சர்க்கரை ஆலையிலிருந்து கடிதம் வந்தது. நட்டைத் தளர்த்தியதும் பீறிட்ட நீராவியில் கருப்பையாவின் இரண்டு கைகளும் கழுத்தும் வெந்துபோயிருந்தன.

மேலாளர் அறையில் நாங்கள் ஐந்து பேரும் நின்றோம். "இந்தப் பக்கத்தை எழுதியது யார்?" என்று அவர் கேட்டார். நான் மேஜை மேலிருந்த கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். செபஸ்தியான் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பிரிவு எழுதினது சார். பிரிவுக்கு நான் பொறுப்பு" என்றார். அவருக்கு வரவிருந்த பதவி உயர்வு அன்றோடு நின்றது.

வெளியே வந்ததும் என்னிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "வாங்க, அவரைப் போய்ப் பார்த்துட்டு வருவோம்."

ஆஸ்பத்திரியில் கருப்பையா கட்டுப்போட்ட கைகளை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். "புஸ்தகத்துல இருந்துச்சு, செஞ்சேன். புஸ்தகம் தப்பாவா சொல்லும்னு நெனச்சேன்" என்றார். செபஸ்தியான், "அந்தப் புஸ்தகத்துக்கு நான்தாங்க பொறுப்பு" என்றார். கருப்பையா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் இரண்டு வருஷம். புத்தகம் போன ஒவ்வோர் ஆலைக்கும் செபஸ்தியான் தானே போய், திருத்திய பக்கத்தை ஒட்டி, அங்கிருப்பவரைப் படித்துச் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தார். ஒவ்வொரு முறை அவர் ஊருக்குப் போகும்போதும், திரும்பியதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அவர் வந்து, "எப்படி வரதன், வேலை போகுதா?" என்பார். "போகுது சார்" என்பேன். என்னால் ஓரிடத்தில் அரைமணி நேரம் உட்கார முடியாமல் போனது அந்த நாட்களிலிருந்துதான்.

புதன்கிழமை அடக்கத்துக்குக் கருப்பையா வந்திருந்தார். முதல் பஸ் பிடித்து வந்ததாகச் சொன்னார். கழுத்தில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. மாதா கோவில் பூசை முடிந்து கல்லறைக்கு நடந்தபோது அவர் பக்கத்திலேயே நடந்தேன். கேட் அருகில் அவரை நிறுத்தி, "கருப்பையா, அந்தப் பக்கத்தை எழுதினவன் நான். அவர் இல்லை" என்று சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "மாசம் ஒரு லெட்டர் போடுவாரு சார். கை எப்படி இருக்குன்னு கேட்டு. நான் ஒண்ணுக்கும் பதில் போடல" என்றார். 

மறுநாள் மேலாளரிடமும் சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்துவிட்டேன். என்ன முடிவு வரும் என்று தெரியாது. உங்களை அறிந்தவர்களும் அறியாதவர்களும் இதைப் படிக்கட்டும், செபஸ்தியான். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.

அடக்கத்தன்று எல்லோரும் மண் போட்டுவிட்டு விலகிய பிறகு கருப்பையா குழியருகே போனார். வலது கை விரல்கள் அவருக்கு முழுவதும் மடங்குவதில்லை. இரண்டு கைகளையும் சேர்த்து மண்ணை அள்ளி, சிந்தாமல், மெதுவாகப் போட்டார்.