பதினோரு ஒன்றுகளும் நானும்

கணக்கு வாத்தியாரிடம் ஊர் எதிர்பார்ப்பது இரண்டே வேலைதான்: பிள்ளைகளைப் பெயிலாக்குவது, பெரியவர்களுக்கு ராசியான எண் சொல்வது. மூன்றாவதாக ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டவன் கதையைக் கேளுங்கள். நீங்களும் சாக்பீஸ் தின்றவர்கள்தானே.

எட்டாம் வகுப்பு

ஐம்பதுகளின் நடுவில், மலைமேல் நாயுடுபுரத்துப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்புக் கணக்கு வேண்டுமென்று தலைமையாசிரியரிடம் மூன்று முறை கேட்டேன். அவர் ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டபடியே சொன்னார்: "நல்லாத்தான் நடத்துறீங்க. ஆனா பட்டமில்லாதவருக்கு அல்ஜீப்ரா எதுக்குங்க?"

வகுத்தல்

அன்றைக்குப் பிடித்த வெறிதான். ஒன்றைப் பதினோரு முறை வரிசையாக எழுதுங்கள்: 11111111111. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதுவும் இதை மீதியின்றி வகுக்காது, இது பகா எண் என்று நான் நிரூபித்துவிட்டால், பட்டத்தைப் பற்றி யார் பேசுவார்கள்? அதற்கு அதன் வர்க்கமூலம் வரை, அதாவது லட்சத்துச் சொச்சம் வரையுள்ள பகா எண் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். சுமார் பத்தாயிரம் வகுத்தல். பனியில் விரல் மரத்துப்போகும். இருந்தாலும் நாளைக்கு ஐந்து.

பூண்டு வாங்க மலைக்கு வரும் ஒட்டன்சத்திரத்து மண்டிக்காரர் ஒருவர் தன் புது லாரி எண்ணுக்கு ராசி கேட்டு வந்தார். எனக்கு அந்தச் சோலி தெரியாது என்றேன். மேசை மேலிருந்த என் எண்ணை அவரே கூட்டிப் பார்த்தார். பதினொன்று, அதையும் கூட்டினால் இரண்டு. உண்மையாகவே வருத்தப்பட்டார். "ரெண்டு ஆகாதுங்க சார். வெரசா வேற நம்பருக்கு மாறிருங்க."

மச்சினன் கல்யாணம்

ஐந்தாவது வருஷம் அய்யம்பாளையத்தில் என் மனைவியின் தம்பிக்குக் கல்யாணம். வகுக்கிற எண் எண்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது, விட மனசில்லை. அவளை மட்டும் பஸ் ஏற்றினேன். திரும்பி வந்தவள் பையைக்கூட இறக்கி வைக்காமல் சொன்னாள்: "எல்லாரும் உங்களத்தான் கேட்டாங்க. கணக்குப் போடுறாருன்னேன். என்ன கணக்குன்னாங்க. எனக்குச் சொல்லத் தெரியல."

அஞ்சலட்டை

ஆறாவது வருஷம் முடித்தேன். எந்தப் பகா எண்ணும் அதை மீதியின்றி வகுக்கவில்லை. தலைமையாசிரியரே மலைத்துப் போனார். மதுரையில் ஒரு கல்லூரிப் பேராசிரியருக்கு அனுப்புங்கள், அவர் சரியென்றால் எட்டாம் வகுப்பு உங்களுக்குத்தான் என்றார். அனுப்பினேன்.

அஞ்சலட்டையில் பதில் வந்தது. 21649-ஐ 513239-ஆல் பெருக்கிப் பாருங்கள், உங்கள் எண் வரும். பழைய புத்தகங்களிலேயே இருக்கிறது. மேலும், இந்த எண்ணை வகுக்கிற பகா எண் எதுவானாலும் அதை 22-ஆல் வகுத்தால் மீதி ஒன்றுதான் வரும். மற்றவற்றை நீங்கள் தொட்டிருக்கவே வேண்டாம். அதாவது, நான் போட்ட வகுத்தலில் பத்தில் ஒன்பது பங்கு வெட்டி வேலை.

நோட்டைப் புரட்டினேன். 21649 என் கையெழுத்திலேயே இருந்தது. மூன்றாவது கழித்தலில் 5174 வரவேண்டிய இடத்தில் 5274. கடன் வாங்கியதைக் குறைக்க மறந்திருக்கிறேன். இந்தத் தப்புக்குத்தான் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றுவேன். அழுதேன், சொல்வதற்கென்ன. தலைமையாசிரியர் அட்டையையும் நோட்டையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "வர்ற வருஷம் நீங்க மூணாங்கிளாசு எடுத்துக்கங்க சார். கழித்தல் அங்கதான் வருது."

ஓய்வு பெறும்வரை மூன்றாம் வகுப்புதான். என்னிடம் படித்தவர்களில் ஒருத்தன்கூடக் கழித்தலில் கடனை மறந்ததில்லை, அல்ஜீப்ராவை அவர்களுக்கு வேறு யாரோ நடத்தினார்கள்.