அப்பா தராத இனிஷியல்

விவாகரத்துத் தீர்ப்பின் நகல் ஊரிலிருந்து பஹ்ரைனுக்கு வந்து சேர்ந்தபோது என் பாஸ்போர்ட் காலாவதியாக மூன்று மாதம் இருந்தது. எழுபதுகளின் பின்பகுதி. நான் மனாமாவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கேயே குதைபியா பகுதியில் இன்னும் இரண்டு நர்ஸுகளோடு ஓர் அறையில் இருந்தேன். கணவராக இருந்தவர் அதற்குள் ஓமானில் சோஹாருக்கு வேலை மாற்றிக்கொண்டு போயிருந்தார். ஆள் போய்விட்டார், பெயர் போகவில்லை. பாஸ்போர்ட்டில், ஆஸ்பத்திரி அட்டையில், மார்பில் குத்திக்கொள்ளும் பேட்ஜில், எங்கே பார்த்தாலும் என் பெயரோடு அவர் பெயர். ட்யூட்டியில் பாதிப் பேர் என்னை அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எப்படியும் புது பாஸ்போர்ட் எடுக்கத்தானே வேண்டும், பழையபடி அப்பா பெயரையே போட்டுக்கொள்ளலாம் என்று எம்பசிக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் தமிழர், நல்ல மனிதர். தீர்ப்பை இரண்டு முறை படித்தார்.

"கல்யாணம் முறிஞ்சதுக்குத்தாம்மா இது ப்ரூஃப். பேர் மாத்தணும்னா உங்கப்பா ஒரு அஃபிடவிட் குடுக்கணும். இவ என் பொண்ணு, இனிமே என் பேர்ல இருப்பான்னு நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லுங்க."

"அவ்வளவுதானே சார்?" என்றேன். எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

வார்டில் என்னோடு வேலை பார்த்த பஹ்ரைன்காரப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். எங்களுக்குப் பொது மொழி அரைகுறை இந்தி. மூன்று பிள்ளை பெற்றவள். இன்னமும் அவள் பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயர், அதற்குப் பின்னால் தாத்தா பெயர். கல்யாணமானால் அது மாறும் என்பதே அவளுக்கு விளங்கவில்லை. தலாக் ஆனால் கலாஸ், அதோடு முடிந்தது, உன் அப்பன் பெயரை உன்னிடமிருந்து யார் எடுத்தது என்று கேட்டாள். கல்யாணத்தன்று நாங்களே கொடுத்துவிடுவோம் என்றேன். பைத்தியமா உங்களுக்கு என்பது போல் பார்த்தாள்.

அஃபிடவிட் கேட்டு அப்பாவுக்கு எழுதினேன். மூன்று வாரம் கழித்து அவருடைய ஏரோகிராம் வந்தது. 'சௌபாக்கியவதி மகளுக்கு' என்று ஆரம்பித்திருந்தார். விவாகரத்தானவளுக்குச் சௌபாக்கியவதி! மேலே படித்தேன்.

"தங்கச்சிக்கு வரன் கூடி வருது. நோட்டரி நம்ம தெருக்காரர். அவர்ட்ட போய் நின்னா ஊருக்கே தெரிஞ்சு போகும். மாப்பிள்ளையும் நீயும் சேர்ந்துதான் இருக்கீங்கன்னு எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அவர் பேர் இருந்தா உனக்கு என்ன கொறைஞ்சு போச்சு? இருந்துட்டுப் போகட்டும்."

வேறு ஊரில் நோட்டரியே இல்லையா என்று கோபமாக ஒரு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. உங்கள் காலில் விழுகிறேன் என்று இன்னொன்று எழுதினேன். அதற்கு அம்மா ஒரு வரி போட்டாள், அப்பாவை வற்புறுத்தாதே என்று. கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு யாரிடம் போய்ச் சண்டை போடுவது? நான் அவர் மகள் என்பதை அவர் சொன்னால்தான் உண்டு.

பாஸ்போர்ட் செத்தால் விசா இல்லை, விசா இல்லாவிட்டால் வேலை இல்லை. கடைசி வாரத்தில் மறுபடி எம்பசிக்குப் போனேன்.

"பழைய பேர்லயே போட்டுடலாமாம்மா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

தலையாட்டினேன். என் பெயரை எழுதி, அதோடு அந்தப் பெயரையும் நானே என் கையால் எழுதிக் கொடுத்தேன். வெளியே வந்து சுவரோரமாக நின்று அழுதேன். கையாலாகாத அழுகைதான், வேறென்ன.

அடுத்த தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். லீவு கேட்டுக் கிடைத்தும்விட்டது. தபாலில் வந்த கல்யாணப் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தேன். 'தங்கள் வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே முதல் வரியில் திரு என்று கணவராக இருந்தவர் பெயரும் திருமதி என்று என் பெயரும் ஜோடியாக அச்சாகியிருந்தன. உள்ளே அப்பாவின் துண்டுச் சீட்டு.

"நீ மட்டும் தனியா வந்து நின்னா ஆயிரம் கேள்வி வரும். லீவு கெடைக்கலன்னு சொல்லிடும்மா."

லீவை ரத்து செய்தேன். சொந்தக்காரர்களுக்கு ஒருவர் விடாமல் கடிதம் எழுதினேன். எங்கள் இருவருக்கும் லீவு கிடைக்கவில்லை என்று.